கேட் இல்லாத காலேஜ்

மூக்குக்குள் இருக்கும் முடி உறையும் என்று தென்காசியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வைட்ஹார்ஸில், பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, வீட்டுக் கதவைத் திறந்து ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன். மூக்குக்குள்ளே சுருக்கென்று ஏதோ ஒட்டிக்கொண்டது. மூச்சை விட்டேன், இளகியது. இழுத்தேன், மறுபடியும் ஒட்டியது. பிறந்ததிலிருந்து கவனிக்காமல் செய்துவந்த ஒரு காரியத்தை அன்று கவனித்துக் கவனித்துச் செய்ய வேண்டியதாயிற்று.

"மைனஸ் 31 மாமா. வாயால இழுக்காதீங்க, இருமல் வந்துரும். மூக்கு பழகிக்கும்" என்றான் என் தங்கை மகன். ஊரில் மார்கழிக் காலையில் மஃப்ளர் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டான். அவன்தான் இப்போது ஜாக்கெட் ஜிப்பைக்கூட முழுக்க ஏற்றாமல் நிற்கிறான்!

வான்கூவரில் ஒரு கல்யாணம். அதற்கு வந்தவனை, "அப்படியே வடக்கே போய் அவன் எப்படி இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துருண்ணே" என்று தங்கை விரட்டிவிட்டாள். ஒரு எட்டு என்பது இரண்டரை மணி நேர விமானப் பயணம். கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கிறது யூக்கான். தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான பரப்பு, 2021 கணக்கெடுப்பின்படி அதில் மொத்தம் சுமார் 40,000 பேர். அவர்களில் 28,000 பேர் தலைநகரான இந்த வைட்ஹார்ஸிலேயே இருக்கிறார்கள். மிச்ச நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "மூஸ் இருக்கு, கரடி இருக்கு" என்றான்.

அவன் இங்கே வணிக நிர்வாகம் படிக்கிறான். மாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. பகலில் வீட்டில் ஹீட்டர் பக்கம் உட்கார்ந்து பழைய வார இதழ்களைப் புரட்டலாம் என்று நான் போட்டிருந்த திட்டத்தை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "காலேஜுக்கு வாங்க மாமா. இங்க யார் வேணா உள்ள வரலாம்."

யார் வேண்டுமானாலும் காலேஜுக்குள் வரலாமா? எங்கள் பக்கம் பெற்ற பிள்ளைக்கு மறந்துபோன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனாலே கேட்டில் நோட்டுப் புத்தகத்தில் பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

கிளம்புவதே ஒரு சடங்கு. உள்ளாடைக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, அதற்கும் மேல் என் எடையில் பாதி இருக்கும்போல் தோன்றிய ஒரு கோட்டு. கடைசியில் பூட்ஸ். குனிய முடியாததால் அவனே மாட்டிவிட்டான். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். வெள்ளைக்காரர் வீட்டிலும் இந்த ஒழுங்கு இருப்பதைப் பார்த்து எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மேலைநாட்டார் பூட்ஸோடு படுக்கையறை வரை போவார்கள் என்று சினிமா பார்த்து வைத்திருந்த எண்ணம் பனிச் சேற்றில் போயிற்று.

தெருவில் நின்ற கார்கள் எல்லாவற்றின் மூக்கிலிருந்தும் ஒரு மின்சார வயர் தொங்கியது, நுனியில் பிளக்கோடு. பேட்டரி கார்கள் அல்ல, சாதாரணப் பெட்ரோல் கார்கள். ராத்திரியில் எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஹீட்டரை வீட்டுச் சுவரில் செருகிச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்புமாம். எங்களிடம் காரே கிடையாது. பஸ்தான். பனி மேல் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கிரீச், கிரீச் என்று சத்தம். காற்றில் விறகுப் புகையும் ஸ்ப்ரூஸ் மரத்தின் பிசின் வாசனையும். விளக்குக் கம்பத்தின் மேல் ஒரு ரேவன் உட்கார்ந்திருந்தது. அண்டங்காக்கை இனம்தான், ஆனால் கோழி அளவு. அது என்னைப் பார்த்துக் கரையவில்லை. தொண்டைக்குள் தண்ணீர் சொட்டுவதுபோல் 'டொளக்' என்று ஒரு சத்தம் போட்டது. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் பலரிடம் குலப் பிரிவு இரண்டே: காகம், ஓநாய். தாய் வழியாக வருவது. காகக் குலத்தவர் ஓநாய்க் குலத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்பது பழைய முறை. கொள்வினை, கொடுப்பினை, எல்லாம் உண்டு!

பஸ் மேட்டில் ஏறியது. கீழே யூக்கான் ஆறு பாதி உறைந்தும் பாதி ஆவி பறந்தும் கிடந்தது. மேட்டில் இன்னொரு பக்கம் விமான நிலையம். அங்கே ஒரு பழைய டி.சி.-3 விமானத்தைத் தூணின் மேல் பொருத்தி வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். ஒரு முழு விமானத்தைக் காற்றுக்காட்டியாக வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் சாதாரண ஆட்கள் அல்ல என்று அப்போதே எனக்குப் பட்டது.

பஸ் நின்றது. இறங்கினேன். காலேஜ் எங்கே என்று பார்த்தால் எதிரே காலேஜ். கேட் இல்லை, மதில் இல்லை, காவலாளி நாற்காலி இல்லை. பைன் காட்டுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கட்டடம், அவ்வளவுதான். பக்கத்தில் ஊருக்கே பொதுவான கலை அரங்கம். காட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் பனிச்சறுக்குப் பலகையில் வழுக்கிக்கொண்டு வந்து, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். மாணவியா, ஆசிரியையா, வெறுமனே காபி குடிக்க வந்தவரா, யாரும் கேட்கவில்லை.

"இந்தப் புல்வெளிக்கு அடியில ஹாஸ்டல் இருக்கு மாமா" என்றான். அவன் காட்டிய இடத்தில் முழங்கால் அளவு பனி. அடியில் தூங்குவது ஆர்க்டிக் தரை அணில்கள். கோடையில் மாணவர்கள் சாப்பிடும்போது மடியில் ஏறாத குறையாக வந்து நிற்குமாம். வருஷத்தில் ஏழெட்டு மாதம் வளைக்குள் தூக்கம். அந்தத் தூக்கத்தில் அவற்றின் உடம்புச் சூடு மைனஸ் 3 டிகிரிக்குப் பக்கம் வரை இறங்கும், ஆனால் ரத்தம் உறைவதில்லை! பாலூட்டிகளில் இந்த அளவு குளிர்ந்தும் பிழைக்கிற வேறு ஒன்றைச் சொல்வது கஷ்டம். மைனஸ் 31-இல் கைவிரல் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த அணில்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி. கையுறையைக் கழற்றிக் கதவின் கைப்பிடியைத் தொட்டேன், பட்டென்று ஷாக். காற்றில் ஈரமே கிடையாது, தொட்டதெல்லாம் மின்சாரம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது எதிரில் ஒரு அறிவிப்புப் பலகை: முதலுதவி வகுப்பு, மணி கோக்கும் வகுப்பு, கணினி, வருமான வரி நிரப்புவது எப்படி, குழந்தைகளுக்கான கோடை முகாம். இது கல்லூரியா, ஊர்ச் சாவடியா?

இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது. 1963-இல் ஆற்றங்கரையில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய இடம் இது. 1983-இல் யூக்கான் கல்லூரி. 1988-இல் இந்த மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2020-இல் யூக்கான் பல்கலைக்கழகம் ஆனது. அதுவரை கனடாவின் மூன்று வடபிரதேசங்களிலும் ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. பெயர் மாறினாலும் ஊர்க்காரர் வாயில் இன்னும் 'காலேஜ்'தான். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவனுக்கு வகுப்பு. என்னை நூலகத்தில் உட்கார்த்திவிட்டுப் போனான். ஜன்னலுக்கு வெளியே மலை, உள்ளே கதகதப்பு, தூக்கம் வரவேண்டிய நேரம். நூலகப் பெண்ணிடம் இந்த இடத்தின் கதையைப் படிக்க ஏதாவது உண்டா என்று கேட்டதுதான் தாமதம், ஏஞ்சலா சிட்னியைத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். மானிடவியலாளர் ஜூலி குரூக்‌ஷாங்கின் புத்தகங்களை எடுத்து வந்து அடுக்கிவிட்டார். அதற்குப் பிறகு தூக்கமாவது ஒன்றாவது!

ஏஞ்சலா சிட்னி 1902-இல் பிறந்தவர். டாகிஷ், டிலிங்கிட் ஆதிக்குடி மரபுகளைச் சேர்ந்த பாட்டி. மொழியும் கதையும் பாட்டும் இடப்பெயரும் வம்சாவளியும் அவர் நினைவில் இருந்தன. கனடா அரசு 1986-இல் தன் உயரிய விருதான ஆர்டர் ஆஃப் கனடாவை அவருக்குக் கொடுத்தது. 1988-இல் இந்த வளாகத்தின் திறப்பு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். வளாகத்துக்கு 'அயம்டிகுட்' என்று டிலிங்கிட்டில் பெயர் வைத்தவரும் அவரே. விழாவில் அவர் காஹச்கூக் என்ற கடல் வேட்டைக்காரரின் கதையைச் சொல்லி அந்தப் பாட்டையும் பாடினார்.

கதை இது. காஹச்கூக் வேட்டைக்குப் போன இடத்தில் காற்று படகைத் திசை தெரியாமல் அடித்துக்கொண்டு போய் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுக்கிவிடுகிறது. ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாது. அவர் அலறவில்லை, தினமும் சூரியன் எங்கே உதிக்கிறது என்று அடையாளம் வைக்கிறார். ஒரு வருஷம் பார்க்கிறார். சூரியன் வடக்கே போய்த் திரும்பும் நாளை உறுதி செய்துகொண்டு, அதையே வழிகாட்டியாக வைத்துப் படகைச் செலுத்தி ஊர் வந்து சேருகிறார். வந்தால், அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி ஊர் மாறிப்போயிருக்கிறது.

ஏஞ்சலா சிட்னி இதே கதையை 1945-இல் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் போன மகன் பீட் உயிரோடு திரும்பியபோது, வரவேற்பு விருந்தில் அவனுக்கு அம்மா கொடுத்த பரிசு இந்தப் பாட்டு. பாட்டைப் பரிசாகக் கொடுப்பது என்றால் சும்மா பாடிவிடுவதல்ல. அங்கே பாட்டுக்கும் கதைக்கும் குலச் சொத்துரிமை உண்டு. இந்தப் பாட்டு வேறொரு குலத்துடையது, பழைய வழக்கு ஒன்றைத் தீர்க்க அவர் குலத்துக்குக் கைமாறியது. பாட உனக்கு உரிமை உண்டா என்று கேள்வி வந்தபோது பெரியவர்களிடம் விசாரித்து, உண்டு என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்.

மகன் போரிலிருந்து திரும்பியதற்குப் பாடியதை ஒரு கட்டடத் திறப்பு விழாவில் ஏன் பாட வேண்டும்? அவரே காரணம் சொல்லியிருக்கிறார். இதுவரை நம் பிள்ளைகள் படிக்க வான்கூவருக்கும் விக்டோரியாவுக்கும் போனார்கள், இனி இங்கேயே படிப்பார்கள், அவர்களை இழக்க வேண்டியதில்லை, காஹச்கூக்குக்குச் சூரியன் எப்படியோ அப்படி இந்தக் கல்லூரி அவர்களுக்கு இருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளை இழப்பது என்று அந்தப் பாட்டி சொன்னது அலங்காரப் பேச்சு அல்ல. இங்கே ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளியில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த காலம் ஒன்று இருந்தது. கார்க்ராஸ் என்ற ஊரில் இருந்த சூட்லா விடுதிப் பள்ளி 1969-இல்தான் மூடப்பட்டது. ஏஞ்சலா சிட்னியே சிறு வயதில் அங்கே கொஞ்ச காலம் இருந்தவர். பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளையைப் பிடித்துப் போகிற இடம் என்று பயந்த தலைமுறை, ஒரு கல்லூரியின் வாசலில் நின்று பாடி வாழ்த்தியிருக்கிறது. எவ்வளவு பெரிய மனசு!

வகுப்பு முடிந்து வந்தவனிடம் சொன்னேன். "தெரியும் மாமா, எங்களுக்குப் பாடமே இருக்கு" என்றான். இந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு முடித்தாலும், கணக்கியலோ வெல்டிங்கோ எதுவானாலும், யூக்கான் ஆதிக்குடிகளின் வரலாற்றில் அடிப்படைத் தேர்ச்சி காட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும்கூட அது உண்டு. 1973-இல் எலைஜா ஸ்மித் என்ற தலைவர் குழுவோடு ஒட்டாவா போய், நிலமும் உரிமையும் கேட்டுப் பிரதமர் பியர் ட்ரூடோவின் கையில் அறிக்கை கொடுத்ததையும், யூக்கானின் 14 ஆதிக்குடி அரசுகளில் 11 இன்று ஒப்பந்தம் போட்டுச் சுயாட்சி நடத்துவதையும், தென்காசிப் பையன் நடந்துகொண்டே ஒப்பித்தான். பூலித்தேவன் கோட்டை நெற்கட்டும்செவலில் இவன் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். "அது டென்த்ல வந்துச்சு மாமா" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

மதியம் பொதுச் சாப்பாடு. கூட்டம் தொடங்குமுன், இந்த இடம் க்வான்லின் டூன், தாஆன் க்வாச்சான் மக்களின் பாரம்பரிய நிலம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். பிறகு பெரியவர்களுக்கு முதல் பந்தி. இளைஞர்கள் தட்டில் எடுத்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். என் நரைத்த தலையைப் பார்த்த ஒரு பெண் என்னையும் பெரியவர்கள் மேஜையில் உட்கார்த்திவிட்டாள். நான் விருந்தாளிதான் என்று மறுத்ததை அவள் காதிலேயே வாங்கவில்லை. மூஸ் என்ற ராட்சத மானின் கறிக் குழம்பும், எண்ணெயில் பொரித்த பேனக் ரொட்டியும் வந்தன. காரம் கிடையாது, உப்பு கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் கறியில் காட்டின் வாசனை, கொழுப்பில்லாத அடர்த்தி. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். வேட்டைக் கறியை இங்கே விற்கக் கூடாது, சட்டம். வேட்டையாடியவர் பகிர்ந்து கொடுக்கலாம். ஆகவே எந்த உணவகத்தில் எவ்வளவு பணம் நீட்டினாலும் யூக்கான் காட்டில் வேட்டையாடிய மூஸ் கிடைக்காது. யாராவது உங்களை உட்காரச் சொன்னால்தான் உண்டு.

பக்கத்தில் இருந்த மூதாட்டி என்னிடம் முதலில் கேட்டது வேலையை அல்ல, ஊரை அல்ல. உன் ஆட்கள் யார், உன் அம்மா எந்தப் பக்கம் என்று. கேள்வி எனக்குப் பழக்கமானது. பதில் சொன்னதும் தங்கை மகனைக் காட்டி, இவன் அம்மாவோடு பேசுகிறானா என்றார். தினமும் பேசுவதாக அவன் சொன்னான். வீடியோவிலா, குரல் மட்டுமா? வீடியோவில். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு பேனக்கைக் குழம்பில் தோய்த்தார். பிள்ளைகள் வெளியூர் போகாமல் இருக்கவென்று கட்டிய கல்லூரி இது. இப்போது சாப்பாட்டு அறையில் பஞ்சாபியும் மலையாளமும் டகாலோகும் கேட்கிறது. எங்கெங்கோ இருக்கும் அம்மாக்களை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள். ஏஞ்சலா சிட்னி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இந்த மூதாட்டி போல அம்மாவிடம் பேசினாயா என்று விசாரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கல்லூரியின் ஆய்வு மையம். இங்கேதான் நான் வாயைப் பிளந்தேன். உறைநிலம் என்று ஒன்று. இரண்டு வருஷமாவது தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழேயே கிடக்கும் மண். சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்து கிடக்கிறது. யூக்கானில் பல ஊர்களின் வீடும் பள்ளியும் சாலையும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆய்வாளர் ஒருவர் குளிரறையைத் திறந்து, துளையிட்டு எடுத்த மண்ணுருளை ஒன்றைக் காட்டினார். கை நீளத்துக்குப் பழுப்பு மண், நடுநடுவே வெள்ளை வெள்ளையாகப் பனிக்கீற்றுகள். சத்தியமாகச் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற சேமியா ஐஸ்தான்! கையுறையோடு தொட்டுப் பார்த்தேன், கல். இது இளகினால் என்ன ஆகும் என்றேன். கஞ்சி ஆகும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அதன் மேல் வீடு நின்றால்? அவர் தோளைக் குலுக்கினார்.

1948-க்கும் 2016-க்கும் இடையில் கனடாவின் வடபகுதி சராசரியாக 2.3 டிகிரி சூடாகியிருக்கிறது. இரண்டு டிகிரி எங்களுக்கு ஒரு ஃபேன் வேகம். இங்கே அது அஸ்திவாரம். வீட்டின் சூடே கீழே இறங்கி மண்ணை இளக்கிவிடும் என்பதால் பல வீடுகளைத் தூண்களின் மேல் உயர்த்தி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விட்டுக் கட்டுகிறார்கள். மைனஸ் 40-இல் வாழ்கிறவர்கள் தங்கள் தரை சூடாகாமல் காவல் காக்கிறார்கள்! 1942-இல் போர்க்கால அவசரத்தில் அமெரிக்க ராணுவம் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை, மேற்கே எல்லையை நோக்கிப் போகும் பகுதியில் இன்னும் அலையலையாகப் புடைத்துக்கொண்டும் அமுங்கிக்கொண்டும் இருக்கிறது. அங்கேயும் இந்த ஆய்வாளர்கள் துளையிட்டு வெப்பமானிகளை இறக்கியிருக்கிறார்கள். மண்ணுருளைகளை, நம் தலையைப் படம் எடுக்கும் அதே சி.டி. ஸ்கேன் முறையில் படம் எடுத்து, உள்ளே எவ்வளவு பனி, எந்த அடுக்கில் என்று பார்ப்பதும் உண்டு.

எனக்குப் பிடித்தது அடுத்துக் காட்டியது. ஆய்வு முடிவை ஒரு சஞ்சிகையில் போட்டுவிட்டு விலகிவிடாமல், ஊர் ஊராகப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். மேயோ, பெல்லி கிராசிங், ஃபாரோ, ராஸ் ரிவர் போன்ற சின்னச் சின்ன ஊர்களுக்கு வரைபடம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டியது. பச்சையில் வீடு கட்டு, மஞ்சளில் யோசித்துக் கட்டு, சிவப்பில் கட்டாதே. ஊர் மன்றத்தில் விரித்து வைத்தால் யாருக்கும் புரியும். ஒரு பிராந்தியக் கல்லூரியின் ஆய்வு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உலகத் தரவரிசையில் எத்தனாவது இடம் என்று கேட்பவர்கள், உங்கள் கல்லூரியின் ஆராய்ச்சியால் பக்கத்துத் தெருக்காரர் எதையாவது மாற்றிச் செய்தாரா என்றும் ஒரு தடவை கேட்கலாம்.

தொழிற்பிரிவுக் கட்டடத்தில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. முகமூடியைத் தூக்கினால் பாதிப் பேர் பெண்கள். தங்கமும் வெள்ளியும் துத்தநாகமும் தோண்டுகிற தேசம் இது. 1896-இல் க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்து உலகமே ஓடிவந்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குச் சுரங்கத்துக்கு வேண்டியது வெல்டரும் எலக்ட்ரீஷியனும் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவரும். அவர்களைத் தெற்கிலிருந்து விமானத்தில் கொண்டுவருவதைவிட உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்வோம் என்கிறது கல்லூரி. பிள்ளைகள் வைட்ஹார்ஸ் வர முடியாவிட்டால்? அதற்கு ஒரு லாரி வைத்திருக்கிறார்கள். நீண்ட டிரெய்லர். போன ஊரில் நிறுத்தி, பக்கச் சுவர்களை வெளியே இழுத்து விரித்தால் முழுப் பட்டறை! பட்டறை ஊர் ஊராகப் போகிறது.

கல்லூரியும் அப்படியே. வைட்ஹார்ஸுக்கு வெளியே ஒரு டஜன் ஊர்களில் அதற்குக் கிளை வளாகங்கள். சில ஊர்களின் மக்கள்தொகை எங்கள் தெருவைவிடக் குறைவு. ஓல்ட் க்ரோ என்று ஒன்று, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே. சுமார் 250 பேர், சாலையே கிடையாது, விமானம்தான். கரிபூ மான் கூட்டத்தை நம்பி வாழும் வுன்டுட் க்விச்சின் மக்களின் ஊர். அங்கேயும் ஒரு வளாகம் இருக்கிறது! பழைய தங்க வேட்டை நகரமான டாசன் சிட்டி, இங்கிருந்து 530 கிலோமீட்டர். அங்கே 2007 முதல் ஓவியக் கலைப் பள்ளி. ஒரு வருஷம் படித்துவிட்டு அந்த மதிப்பெண்ணோடு கனடாவின் பெரிய கலைக் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். மைனஸ் 40-இல் சாயம் குழைத்துக் கலை படிக்கும் இருபது வயதுக்காரர்களை நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

யூக்கானில் எட்டு ஆதிக்குடி மொழிகள். இந்த வளாகத்தில் பல வருஷம் இயங்கிய மொழி மையம் அவற்றுக்கு எழுத்துமுறையும் பாடமும் ஒலிப்பதிவும் தயாரித்தது. ஏஞ்சலா சிட்னியின் டாகிஷ் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் லூசி ரென் 2008-இல் காலமானார். பதிவு இருக்கிறது, இலக்கணக் குறிப்பு இருக்கிறது, பேச வீட்டில் ஆள் இல்லை. இதில் கல்லூரி என்ன செய்ய முடியும், எவ்வளவுதான் செய்ய முடியும் என்று யோசித்தால் மனசு கனத்துவிடுகிறது. ஆசிரியப் பயிற்சியில் ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 1989-இல் ஆதிக்குடி இளைஞர்களுக்கென்றே ஓர் ஆசிரியப் பட்டப்படிப்பைத் தொடங்கினார்கள். அதில் படித்தவர்கள் இன்று ஊர்ப் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் மணி கோக்கும் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தோம். மூஸ் தோலைப் புகையில் பதப்படுத்திய வாசனை கதவுக்கு வெளியிலேயே அடித்தது. விறகுப் புகை, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மிருகம். வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்வெட்டரில் இருந்தது. ஒரு பள்ளி மாணவி, ஒரு லாரி டிரைவர், தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், மூவரும் ஒரே மேஜையில் காலணியின் மேல்தோலுக்குப் பூ தைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் ஒரு ஊசியைக் கொடுத்தார்கள். மணி நுண்ணியது, ஊசி அதைவிட நுண்ணியது, என் கண் எதையும் பார்க்கவில்லை. லாரி டிரைவர் பெருந்தன்மையாக நூல் கோத்துக் கொடுத்தார்.

வெளியே வந்தால் வானத்தில் பச்சை ஒளி. வடவொளிதான். அதைப் பற்றி எழுதாத பயணி கிடையாது, படம் எடுக்காத போன் கிடையாது. ஆகையால் இங்கே நான் ஒரு வரி சேர்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற யாரும் தலை நிமிர்த்திப் பார்க்கவும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வடவொளி பார்க்க வைட்ஹார்ஸ் போகும் நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளி ராத்திரிதான் வரும், பகல் முழுவதும் ஓட்டல் அறையில் சும்மாதான் கிடப்பீர்கள். ஒரு பகலை எடுத்துக்கொண்டு மேட்டிலிருக்கும் காலேஜுக்குப் போங்கள். வார நாளாகப் பார்த்துப் போங்கள், சனி ஞாயிறில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. போக முடியாதவர்கள், யூக்கான் ஆதிக்குடிகள் பற்றிய அந்த அடிப்படைப் பாடத்தைப் பொதுமக்களும் இணையத்தில் படிக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நூலகத்தில் ஏஞ்சலா சிட்னி என்று கேளுங்கள், புத்தகம் எடுத்துத் தருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது அங்கே கண்ணில் பட்டால், மார்க் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று ஆரம்பிக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.